தண்ணீர் குடிக்காத டீச்சர்

குண்டனி நாடு, கொல்லிமலை
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் வேல்முருகனுக்கு உன் அம்மா மாதம்மாள் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி தேன்மொழியும் ஆடு மாடுகளும் அரப்பளீஸ்வரர் புண்ணியத்தில் நலம். அங்கே நீயும் உன்னோடு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் வேலை செய்கிற பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. "நலம்" என்று ஒரே வார்த்தையில் எழுதி மூடி மறைக்காதே. போன தடவை அப்படித்தான் எழுதினாய், அப்புறம் உன் கூட வேலை செய்கிற செல்வம் ஊருக்கு வந்தபோது சொல்லித்தான் உன் கை மேல் குழாய் விழுந்து வீங்கிக் கிடந்தது எனக்குத் தெரிந்தது. நலமாம் நலம். இனிமேல் நலம் என்று எழுதினால் எந்தக் கை, எந்தக் கால் என்று தனித்தனியாக எழுது.

போன் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். டவர் கிடைப்பது பஸ் நிற்கிற இடத்துப் பாறை மேல்தான், அங்கே ஏறி நின்று நான் வாயைத் திறந்தால் சுற்றி நிற்கிறவர்கள் காதெல்லாம் என் வாய்க்குள் வந்துவிடும். சொந்த வீட்டுச் சங்கதியை ஊருக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. அதனால் வழக்கம்போல எதிர்வீட்டுக் கண்ணாயி மகள் வனிதாவை உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். நான் ஊடு என்று சொன்னால் இவள் வீடு என்று எழுதுகிறாள், கேட்டால் எழுத்தில் அப்படித்தான் வரும் அத்தை என்கிறாள். படித்தவள், என்னமோ போ. ஆனாலும் இவளைச் சோதிக்காமல் விடவில்லை. போன கடிதத்தில் நம் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய், ஒரு கன்றுதான். சொன்னதை எழுதுகிறாளா, தனக்குத் தெரிந்ததை எழுதுகிறாளா என்று பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். "ஏனுங்கத்தை, ஒரு கன்னுதானுங்களே" என்று கேட்டாள். நான் சொன்னதை எழுது என்றேன். நீ இரட்டைக் கன்றுக்குச் சந்தோஷப்பட்டுப் பதில் போட்டிருந்தாய், அதையும் இவளிடம் மட்டும் படிக்கச் சொல்லி விடவில்லை, பஸ் கண்டக்டரிடமும் ஒரு தடவை கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆக இவளை ஓரளவு நம்பலாம். இதை எழுதும்போது பேனாவை நிறுத்தி ஒரு சிரிப்பு சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை, உனக்கு விளங்கினால் எழுது.

மழை இந்த வருஷம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது. மிளகுக் கொடியில் சரம் நன்றாக இறங்கியிருக்கிறது, குச்சிக்கிழங்கைத்தான் பன்றி விடமாட்டேன் என்கிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் போட்டுத் தேய்த்தால் "தேவலீங்க" என்று என்னிடமே மரியாதையாகச் சொல்கிறார், அப்படிச் சொன்னால் வலி கூடியிருக்கிறது என்று அர்த்தம். அது கிடக்கட்டும். இந்தக் கடிதம் போடுவதே தேன்மொழி விஷயமாகத்தான்.

இந்த வருஷம் அவள் பத்தாவது, பெரிய பரீட்சை. உனக்குத் தெரியாததா, அவளுக்கு எழுத்து நிற்காது. அஞ்சாவது படிக்கையிலேயே ஒரு வாத்தியார் இது உதவாது, கடைசியில் உட்கார வை என்று சொல்லிவிட்டார். பிள்ளையும் சளைக்கவில்லை, விடிகிறதற்கு முன் எழுந்து எழுதுகிறாள், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறாள், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதி விரல் காய்த்துப் போயிருக்கிறது. எழுதி முடித்துப் பார்த்தால் பாதி எழுத்து முதுகைக் காட்டி நிற்கும். ஏன் கண்ணு இப்படி என்று உன் அப்பா கேட்டால், "அது ஊட்டைத் திரும்பிப் பாக்குதுங்கப்பா, பெல் அடிக்கற நேரமாச்சுல்ல" என்கிறாள். அவருக்குச் சிரிப்பு அடங்காது. அவர் சிரிப்பார், அவள் சிரிப்பாள், நான்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இப்படி இருக்கையில் போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது டீச்சர் வந்தார், பிரிசில்லா டீச்சர் என்று பெயர், கீழே பேளுக்குறிச்சியில் குடியிருந்துகொண்டு தினம் பஸ்ஸில் ஏறி வந்து இறங்குகிறவர். வந்த நாளிலிருந்து அந்த அம்மாவுக்குத் தேன்மொழி மேல் ஒரே பிரியம். முன் வரிசையில் உட்கார வைக்கிறார், மதியம் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார், பள்ளிக்கூடம் விட்டும் பஸ் வருகிறவரைக்கும் சொல்லிக்கொடுக்கிறார். வழியில் பார்த்தால் "உங்க மக லீவு போட்டா அன்னைக்கு வகுப்பே வகுப்பா இல்லீங்க" என்கிறார். நீயே சொல், முதல் மார்க் வாங்குகிற பிள்ளைகள் எத்தனையோ இருக்க, எழுத்தே வராத என் பிள்ளை மேல் கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருத்திக்கு எதற்குப் பிரியம்? காரணம் இல்லாமல் காக்கை கூட நம் கூரையில் உட்காராது. மதத்தில் சேர்க்கவா, இல்லை பேளுக்குறிச்சி வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் பார்க்கிறாரா என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஒரு நாள் மிளகுக் கொல்லையில் இவள் உன் பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே அந்த டீச்சர் குரல் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஜெபம்தான் என்று முடிவு செய்து போனைப் பிடுங்கி வைத்துக் கேட்டேன். வேர் தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறது, இலை எப்படிச் சோறு சமைக்கிறது என்று அறிவியல் பாடம். பாடத்தைப் பேசிப் பதிந்து கொடுத்திருக்கிறார், இவள் கேட்டுக் கேட்டே மனசில் வாங்கிக்கொள்கிறாளாம். அப்போதும் எனக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை, கடைசிவரை வைத்துக் கேட்டேன், எங்கேயாவது ஆமென் வருகிறதா என்று. வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டிலில் உட்கார வைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன், வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். மோர் கொடுத்தேன், "அப்புறம் குடிக்கறேனுங்க" என்றார். சூடாகக் கிழங்கு வேகவைத்து வைத்தேன், கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு வாய் தொடவில்லை. எனக்கு உச்சந்தலை கொதித்தது. மலைக்காரர் வீட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது, மலைக்காரர் பிள்ளை மேல் மட்டும் பிரியம் பொங்குகிறதா? உன் அப்பாவிடம் அப்புறம் சொன்னேன், அவருக்குத்தான் ஊரில் எல்லாரும் நல்லவர்களாயிற்றே, தாகம் இல்லையோ என்னமோ என்றார். பஸ்ஸை விட்டு இறங்கி மலையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தவளுக்குத் தாகம் இருக்காதாம்.

அன்றைக்கு அந்த அம்மா சொன்னது இதுதான். தேன்மொழிக்குப் புத்தி குறைவு இல்லை, எழுத்துதான் அவளுக்குப் பிடிபடாது, அதற்குப் பெயரே கற்றல் குறைபாடு. நாமக்கல்லில் டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கிவிட்டால் பெரிய பரீட்சையில் இவள் வாயால் பதில் சொல்வாள், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதுவார், சர்க்காரே அதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், தள்ளிப்போட்டால் இவளே எழுதித்தான் ஆகவேண்டும், எழுதினால் தேறமாட்டாள் என்றார். எனக்கு ஒரே குழப்பம். டாக்டர் கையால் குறைபாடு என்று எழுதி வாங்கிவிட்டால் நாளைக்கு இவளை எவன் கட்டுவான்? இன்னொருத்தர் எழுதிக்கொடுத்துத் தேறினால் அது திருட்டுப் பரீட்சை இல்லையா, போலீஸ் வந்து நிற்காதா? யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே சின்னுசாமி வந்தான், அடிவாரத்திலிருந்து நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவன், உனக்குத் தெரியும். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டேன், ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "அத்தை கைப்பக்குவம் இந்த மலையிலேயே இல்லீங்க" என்றான். டீச்சர் சொன்னதைச் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டான். அதெல்லாம் கேஸ் ஆயிடுங்க அத்தை, பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டுவாங்க, தை பிறந்ததும் மில்லுக்கு அனுப்புங்க, ஹாஸ்டல் இருக்குது, சாப்பாடு இருக்குது, படிக்காத பிள்ளைக்கு இதை விட என்ன வேணும் என்றான். ஒருத்தி நம் தண்ணீரைத் தொடமாட்டாள், ஒருத்தன் நம் சோற்றை ருசித்துத் தின்கிறான், எவன் நம்ம மனுஷன்? தை பிறந்தால் அனுப்புகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். தேன்மொழி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு தமாஷும் பண்ணவில்லை. அதுதான் என்னை உறுத்தியது, கண்ணு. வாய் மூடாத பிள்ளை வாயை மூடினால் வீட்டில் ஏதோ செத்துப் போன மாதிரி இருக்கிறது.

சரி, நம் கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று ஆடு மேய்க்கிற சாக்கில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் ஜன்னலோரம் நின்றேன். தமிழ்ப் பாடம். தேன்மொழி எழுந்து நின்று படிக்கிறாள். ஒரே ஒரு வரி. விரலை எழுத்துக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறாள், மூடுபனி இறங்கி எனக்குப் பல் கிட்டுகிறது, இவளுக்கு நெற்றியில் வேர்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டதும் ஒரு பையன் கிக்கென்று சிரித்தான், உடனே இவள் ஏதோ ஒரு கோணங்கி பண்ணி வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டாள். டீச்சரும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிச்சாச்சு சாமி, இப்ப விட்ட எடத்துல இருந்து வா" என்றார். திட்டவும் இல்லை, போதும் உட்கார் என்று விடவும் இல்லை. பிள்ளை மறுபடியும் விரலை வைத்தாள். அந்த வரியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். வீட்டில் கரண்டு பில் வந்தால், உன் கடிதம் வந்தால், யாராவது இதைப் படி என்று நீட்டுவதற்கு முன்னாலேயே இவள் ஒரு கூத்துக் கட்டிவிட்டு ஓடிவிடுவாளே, அது குறும்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது குறும்பு இல்லையடா. ஆனாலும் திரும்பி வரும் வழியில் இன்னொரு நினைப்பு வந்தது, ஜன்னலில் என் சேலை தெரிந்திருக்குமோ, எனக்காகவே நடித்திருப்பார்களோ என்று. சாயங்காலம் தேன்மொழி வந்து, "ஏம்மா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஆடு மேச்சியே, ஆடு எங்க?" என்று கேட்டாள். அவசரத்தில் ஆட்டைப் பட்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் பதில் கேட்டு வந்தார். உன் அப்பா இருந்தார், வனிதாவும் உனக்குக் கடிதம் எழுத வந்து உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளதைச் சொன்னேன், ஏனுங்க டீச்சர், இன்னொருத்தர் எழுதினா அது எம்மக பரீட்சை ஆகுங்களா, திருட்டு வேலைக்கு நாங்க வரலீங்க, தை பொறந்தா மில்லுக்கு அனுப்பறோம் என்றேன். அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. சொல்லச் சொல்ல நான் கேட்கவில்லை. அப்போதுதான் தேன்மொழி உன் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கில் இல்லாத கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்கிற பெரிய வாத்தியார் மாதிரி நடந்து வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்று, "ஏனுங்க மாதம்மா, மகனுக்குப் போடற லெட்டரு நீங்களா எழுதறீங்க? வனிதா எழுதறா, நீங்க சும்மா வாயால சொல்றீங்க! திருட்டு லெட்டரு! எந்திரிங்க மேல, பேப்பரப் புடுங்கியாச்சு. இத்தனை வருசம் போட்டதெல்லாம் செல்லாதுங்க. வேல்முருகன் இனிமே வனிதாவுக்குத்தான் மகன்" என்றாள்.

வனிதா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து எழுந்து வெளியே போய்விட்டார். டீச்சர் சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு முதலில் சுள்ளென்று கோபம்தான் வந்தது, கையைக் கூட ஓங்கிவிட்டேன். ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது, சாமி. நான் ஒரு எழுத்து அறியாதவள். நீ வெளியூர் போன நாளிலிருந்து உனக்குப் புத்தி சொன்னது, திட்டினது, அழுதது எல்லாம் இன்னொருத்தி கை வழியாகத்தான் வந்தது. அதில் எது என்னுடையது இல்லை? இரட்டைக் கன்று என்று நான் சொன்ன பொய் கூட என்னுடையதுதான், வனிதாவுடையது இல்லை. படித்த டீச்சர் இதை எடுத்துச் சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை, உதவாது என்று சொல்லி மூலையில் உட்கார வைத்த பிள்ளை ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நின்று ஏற்றிவிட்டாள். நான் அழுதுவிட்டேன். எப்போது போகலாமுங்க டீச்சர் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நானும் கூட வருவேன், பிள்ளையைத் தனியாக விடமாட்டேன், நீங்கள் வந்து கூட்டிப்போனால்தான் வருவேன் என்றும் சொன்னேன். மனசு இளகினதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை விடிகாலைப் பஸ்ஸில் கீழேயிருந்து ஏறி வந்து, அதே பஸ் திரும்பும்போது எங்களோடு உட்கார்ந்து இறங்கினார். நான் கீழ்நாட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, அது உனக்குத் தெரியும், வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் நிரப்பி எடுத்துக்கொண்டேன். நாலு வளைவு திரும்பினதுமே அந்த அம்மாவின் முகம் வெளுத்து, உதடு நீலம் பாய்ந்து, பையிலிருந்து கவரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை, வெறும் வயிறு, ஓங்கரிப்புதான் உயிரை எடுக்கிறது. தேன்மொழி பழக்கப்பட்டவள் மாதிரி மடியிலிருந்து நார்த்த இலையைக் கசக்கி மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். எழுபது வளைவும் அப்படியேதான். கொஞ்சம் தெளிந்தபோது சொன்னார், "மலைப் பஸ்ல போற நாள்ல ஒரு வாய் தண்ணி கூட உள்ள இருக்கக்கூடாதுங்கம்மா. உங்க ஊட்டுக்கு வந்தப்ப நாக்கு வறண்டு போச்சுங்க, ஆனா குடிச்சா திரும்பறப்ப இதே கதி." அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க பாத்த பார்வையில எனக்கு வாயே வரலீங்க" என்றார்.

அப்புறம் நான் கேட்காமலேயே சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வாரம், பஸ்ஸை விட்டு இறங்கி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இந்த மலையே வேண்டாம், மாறுதல் கேட்டுவிடலாம் என்று அழுதுகொண்டிருந்தாராம். நம் தேன்மொழி பக்கத்தில் போய் நார்த்த இலையை வைத்து, "உங்களுக்கு ரோட்டுல வர்றது எனக்குப் புஸ்தகத்துல வருதுங்க டீச்சர். ஒவ்வொரு எழுத்தும் வளையுது வளையுது, தலை சுத்துது. உங்களுக்காவது பஸ்ஸை விட்டு எறங்கினா நின்னுருது" என்றாளாம். அன்றைக்குத்தான் இந்த மலைக்கு வந்து முதல் தடவை சிரித்தாராம், மாறுதலும் கேட்கவில்லையாம். ஏன் என் பிள்ளை மேல் பிரியம் என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டேன், காரணம் இவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

அடிவாரத்தில் சமதரைக்கு வந்ததும் நான் பாட்டிலை நீட்டினேன். நீட்டிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், விட்டுவிடுவேனா. அண்ணாந்து கடகடவென்று குடித்தார், பாட்டில் பாதிக்கு மேல் காலி. அன்றைக்கு நாமக்கல்லில் நான்தான் தாகத்தோடு நின்றேன். டாக்டர் வெகுநேரம் தேன்மொழியைப் படிக்க வைத்தார், எழுத வைத்தார், கதை சொல்லிக் கேள்வி கேட்டார். புத்தி நல்ல கூர்மை, எழுத்தில்தான் தடுமாற்றம், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். சான்று தயாராகி வரும் என்றார், வந்தால்தான் நம்புவேன், வரும்வரை வாரத்துக்கு ஒரு தடவை டீச்சரைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். பரீட்சையில் எழுத வருகிறவர் யார், எந்த ஊர், நான் வனிதாவுக்குச் சோதனை வைத்ததுபோல அவருக்கும் ஒரு பொய்க் கன்று வைக்கலாமா என்று கேட்டேன், தேவையில்லீங்க என்று டீச்சர் சிரித்தார். நேற்று சின்னுசாமி வந்தான், சோற்று நேரம் பார்த்துத்தான் வந்தான். ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் கொடுத்தேன். புரிந்துகொண்டு போய்விட்டான்.

கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு, வண்டி ஓடும்போது குழாய்க்குக் கீழே நிற்காதே, முதலாளி சிரித்துப் பேசினால் ஏன் சிரிக்கிறார் என்று ஒரு தடவை யோசி. மாசியில் மிளகு பறிக்க ஆள் வேண்டும், லீவு கேட்டுக்கொண்டு வா, தேன்மொழி பரீட்சைக்கும் பக்கத்தில் இருந்த மாதிரி ஆகும். நோய் நொடி அண்டாமல் நூறு வருஷம் நன்றாக இரு, எட்டுக்கை அம்மன் உனக்கு முன்னால் நடப்பாள். கடைசி வரியைத் தானே எழுதுவேன் என்று தேன்மொழி ஒற்றைக் காலில் நிற்கிறாள், வனிதாவைத் தொட விடமாட்டேன் என்கிறாள், அதனால் கீழே இடம் விட்டிருக்கிறோம். பொறுமையாகப் படி. ஏதாவது எழுத்து முதுகைக் காட்டி நின்றால் அதைப் பார்த்துச் சிரிக்காதே, அவள் சிரிக்க வைக்கும்போது மட்டும் சிரி.

இப்படிக்கு, வாயால் சொன்ன உன் அம்மா
மாதம்மாள் (இடது பெருவிரல் ரேகை என்னுடையது)